கிரேடுபுக் சந்தேகங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும்

மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் வகுப்பு மென்பொருளில் பாடம் ஏற்றுவது, வீடியோ இணைப்பது, குவிஸ் வைப்பது எல்லாம் கைவந்தவர்கள்கூட மதிப்பெண் பக்கத்தைத் திறந்ததும் தயங்குகிறார்கள். பருவம் முடியும் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புதான் இது. முதல் ஆறு கேள்விகளை மட்டும் வரிசையாகப் படித்துவிடுங்கள். மற்றவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. கிரேடுபுக்னா என்ன? நாம வச்சிருக்கிற மார்க் ரிஜிஸ்டர் மாதிரிதானே?

பாதி சரி. ரிஜிஸ்டரில் நாம் கையால் எழுதுகிறோம். கிரேடுபுக்கில் மார்க் தானாக வந்து விழுகிறது. அசைன்மென்ட், குவிஸ் என்று மார்க் உள்ள எதை உருவாக்கினாலும் அதற்கென்று ஒரு நெடுவரிசை இங்கே பிறக்கும். அங்கே நீங்கள் திருத்திப் போடும் மார்க் இங்கே வந்து சேரும், கூட்டல் பெருக்கல் எல்லாம் இங்கே நடக்கும்.

ஆக, இது மார்க் வந்து சேர்கிற இடம். இதை எழுதுகிற இடமாக நினைத்துப் பயன்படுத்துவதில்தான் கீழே வரும் தொல்லைகளில் பாதி தொடங்குகிறது.

2. எங்க இடத்துல மூடுல் இல்லை, வேற ஒண்ணு. இதைப் படிச்சு பிரயோஜனம் உண்டா?

உண்டு. நான் தினமும் புழங்குவது மூடுல்தான் என்பதால் பட்டன் பெயர்கள் எல்லாம் அதிலிருந்தே வருகின்றன. காலிக்கும் சைபருக்கும் உள்ள வித்தியாசம், வெயிட்டேஜ் (மொத்தத்தில் எதற்கு எத்தனை எடை), மார்க்கை எப்போது வெளியே விடுவது போன்ற விஷயங்கள் கேன்வாஸிலும் கூகுள் கிளாஸ்ரூமிலும் உண்டு, பெயரும் இடமும்தான் மாறும். ஒரு முக்கிய வித்தியாசம்: கிளாஸ்ரூமில் நீங்கள் ‘ரிட்டர்ன்’ கொடுக்கும்வரை மாணவருக்கு மார்க் தெரியாது. மூடுலில் நீங்கள் தடுக்காவிட்டால் சேவ் செய்த நொடியே தெரிந்துவிடும். கேன்வாஸும் வழக்கமான அமைப்பில் அப்படித்தான்.

3. மார்க்கை எங்கே போடணும்? அசைன்மென்ட்டுக்குள்ளயா, நேரா கிரேடுபுக்லயா?

அசைன்மென்ட்டுக்குள். குவிஸ் என்றால் குவிஸுக்குள். விடைத்தாள் எங்கே இருக்கிறதோ அங்கேயே மார்க்.

கிரேடுபுக்கில் நேரடியாக எழுத ஒரே ஒரு நியாயமான காரணம்தான் உண்டு: அந்த மார்க்குக்கு ஆன்லைனில் தாளே இல்லாதபோது. வாய்மொழித் தேர்வு, வகுப்பில் எழுதிய காகிதத் தேர்வு, செய்முறை. அதற்கு கிரேடுபுக் செட்அப்பில் ‘ஆட் கிரேடு ஐட்டம்’ கொடுத்துத் தனி நெடுவரிசை உருவாக்கி அதில் தாராளமாக எழுதுங்கள்.

4. சில கட்டம் மட்டும் வேற கலர்ல இருக்கு. அதுல மார்க்கை மாத்தினா மாறவும் மாட்டேங்குது. என்ன கோளாறு?

கோளாறு இல்லை. கேள்வி 3-இல் சொன்னதை மீறியதன் அடையாளம் அது. அசைன்மென்ட் நெடுவரிசைக் கட்டத்தில் நேரடியாக ஒரு எண்ணை எழுதினால், ‘இந்த மாணவருக்கு நான் சொல்வதே மார்க், அசைன்மென்ட் சொல்வதைக் கேட்காதே’ என்று மூடுல் எடுத்துக்கொள்கிறது. அதைத்தான் ஓவர்ரைடு என்கிறார்கள். அதன் பிறகு அசைன்மென்ட்டுக்குள் போய் 14-ஐ 18 ஆக்கினாலும் கிரேடுபுக் 14-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆசிரியர் திருத்திவிட்டேன் என்பார், மாணவர் மாறவில்லை என்பார். இருவரும் சொல்வது உண்மை.

விடுவிக்க, அந்தக் கட்டத்தின் எடிட் பக்கத்தைத் திறந்து ‘ஓவர்ரிடன்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். அசைன்மென்ட்டில் உள்ள மார்க் திரும்ப வந்துவிடும். நிறையப் பேருக்கு இப்படி ஆகியிருந்தால் கிரேடுபுக்கின் ‘சிங்கிள் வியூ’ பக்கத்தில் அந்த நெடுவரிசையைத் திறந்தால் எல்லா டிக்குகளும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

இதைவிட ஆபத்தானது மொத்த மார்க்கின் கட்டத்திலேயே கை வைப்பது. ‘ரெண்டு மார்க் கருணை’ என்று மொத்தத்தை 48-லிருந்து 50 ஆக்கினால், அதற்கப்புறம் அந்த மாணவர் எதில் எத்தனை வாங்கினாலும் மொத்தம் 50-ஐ விட்டு நகராது. கருணை மார்க்குக்குத் தனி நெடுவரிசை போடுங்கள்.

5. நாலு அசைன்மென்ட்ல ரெண்டுதான் கொடுத்தான். அவனுக்குப் போய் மொத்தம் 84 சதவீதம்னு காட்டுது. சிஸ்டம் தப்பா கூட்டுதா?

சரியாகத்தான் கூட்டுகிறது. ஆனால் நீங்கள் கேட்ட கணக்கை அது போடவில்லை. ஒவ்வொன்றும் 25 மார்க் என்று வைத்துக்கொள்வோம். பையன் வாங்கியது 20, 22. மற்ற இரண்டு கட்டங்களிலும் வெறும் கோடு. மூடுல் அந்தக் கோட்டைச் ‘சைபர்’ என்று படிப்பதில்லை, ‘இன்னும் திருத்தவில்லை’ என்று படிக்கிறது. அதனால் 50-க்கு 42, அதாவது 84 சதவீதம். சைபராக எடுத்திருந்தால் 100-க்கு 42.

இதைத் தீர்மானிப்பது ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’ என்ற ஒரு டிக். வழக்கமாக அது போட்டே இருக்கும். பருவத்தின் நடுவில் அப்படி இருப்பதுதான் நல்லது. எடுத்துவிட்டால் முதல் வாரத்திலேயே வகுப்பு முழுக்க ஃபெயில் என்று காட்டி, பிள்ளைகள் பதறிப் போன் செய்வார்கள். கடைசித் திருத்தமும் முடிந்த பிறகு, கோர்ஸ் மொத்தத்தின் செட்டிங்கில் போய் டிக்கை எடுங்கள். உள்ளே பிரிவுகள் (சில நெடுவரிசைகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்புகள்) வைத்திருந்தால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பலர் வெளியே மட்டும் எடுத்துவிட்டு ‘மாறவே இல்லையே’ என்பார்கள்.

6. எழுதாதவங்களுக்கு எல்லாம் ஒரே அடியில சைபர் போட வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் அதில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘சிங்கிள் வியூ’வில் ‘பல்க் இன்சர்ட்’ என்ற வசதியில் காலிக் கட்டங்களுக்கு மட்டும் 0 என்று கொடுத்தால் நொடியில் நிரம்பிவிடும். ஆனால் அசைன்மென்ட், குவிஸ் நெடுவரிசைகளில் இப்படிப் போடும் சைபர் ஒவ்வொன்றும் கேள்வி 4-இல் சொன்ன ஓவர்ரைடு. மருத்துவச் சான்றிதழோடு அடுத்த வாரம் ஒருவர் வந்து, நீங்களும் அசைன்மென்ட்டைத் திறந்துவிட்டுத் திருத்தி 19 போட்டால், கிரேடுபுக்கில் சைபர்தான் நிற்கும்.

எல்லாருக்கும் சைபர்தான் என்றால் கேள்வி 5-இல் சொன்ன டிக்கை எடுப்பதே போதும், எதையும் எழுத வேண்டாம். சிலருக்கு மட்டும் சைபர், சிலருக்கு விலக்கு என்றால் அசைன்மென்ட்டுக்குள் ‘குயிக் கிரேடிங்’ (பட்டியலிலேயே மார்க் எழுதும் வசதி) போட்டுக்கொண்டு அங்கே 0 எழுதுங்கள். விலக்குப் பெற்றவருக்கு கிரேடுபுக் கட்டத்தின் எடிட் பக்கத்தில் ‘எக்ஸ்க்ளூடட்’ என்று டிக் செய்தால் அந்த ஒன்று அவருடைய கணக்கிலேயே சேராது.

7. நான் வெயிட்டேஜ் எதுவும் கொடுக்கலை. அப்போ எல்லாத்துக்கும் சம மதிப்புதானே?

இல்லை, கொடுக்காமலே கொடுத்திருக்கிறீர்கள். 2014-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து புதிய கோர்ஸ்களுக்கு ‘நேச்சுரல்’ என்ற கூட்டல் முறைதான் இயல்பாக அமைகிறது. அதில் எதற்கு எத்தனை மார்க் உச்சவரம்போ அதுவே அதன் எடை.

இங்கே ஒரு வேடிக்கை. புதிதாக அசைன்மென்ட் உருவாக்கினால் உச்ச மார்க் 100 என்று தயாராக இருக்கும். குவிஸ் உருவாக்கினால் 10. நிர்வாகி மாற்றிவைக்காத வரை இப்படித்தான். ஒருவர் இறுதித் தேர்வைக் குவிஸாக வைத்தார், ஒரு பக்க வீட்டுப்பாடத்தை அசைன்மென்ட்டாக வைத்தார், இரண்டிலும் எண்ணைத் தொடவில்லை. மொத்தம் 110-இல் மூன்று மணி நேரத் தேர்வுக்கு 10, வீட்டுப்பாடத்துக்கு 100. தேர்வில் முழு மார்க் வாங்கியவருக்கும் அதனால் கிடைத்தது ஒன்பது சதவீதம்தான். எதை உருவாக்கினாலும் உச்ச மார்க்கை முதலில் பாருங்கள்.

8. சரி, அசைன்மென்ட் 20, இடைத்தேர்வு 30, இறுதித் தேர்வு 50. இதை எப்படிக் கொடுக்கிறது?

கிரேடுபுக் செட்அப்பில் அசைன்மென்ட்டுகளுக்கு ஒரு பிரிவு உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்துங்கள். பிறகு கோர்ஸ் மொத்தத்தின் கூட்டல் முறையை ‘வெயிட்டட் மீன் ஆஃப் கிரேட்ஸ்’ என்று மாற்றி, பிரிவுக்கு 20, மற்ற இரண்டுக்கும் 30, 50 என்று எழுதுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் சதவீதமாக்கி அப்புறம்தான் எடை போடும் என்பதால் உச்ச மார்க் என்னவாக இருந்தாலும் கவலையில்லை. நேச்சுரலிலும் எடையைக் கையால் மாற்றலாம். ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த முறையைத்தான், குழப்பம் குறைவு.

சரிபார்க்காமல் விடாதீர்கள். ஒரே ஒரு மாணவரை எடுத்துக் காகிதத்தில் போடுங்கள். அசைன்மென்ட்டில் 80 சதவீதம், இடைத்தேர்வில் 60, இறுதியில் 70 என்றால் 16, 18, 35, மொத்தம் 69. திரையிலும் 69 வந்தால் நிம்மதி.

9. அஞ்சு குவிஸ்ல மோசமான ஒண்ணைக் கழிச்சுட்டு நாலை மட்டும் எடுக்கணும்.

அந்த ஐந்தையும் ஒரே பிரிவில் போட்டு, பிரிவின் செட்டிங்கில் ‘டிராப் தி லோயஸ்ட்’ 1 என்று கொடுங்கள். ஐந்துக்கும் உச்ச மார்க் ஒன்றாக இருக்க வேண்டும், எடையைக் கையால் மாற்றியிருக்கவும் கூடாது.

ஒரு குவிஸுக்கு வராமலே போனவர் விஷயம்தான் நுட்பமானது. அவருடைய கட்டம் காலியாக இருந்து, காலியை விலக்கும் டிக்கும் போட்டிருந்தால், வராத குவிஸ் முதலிலேயே கணக்கை விட்டுப் போய்விடும். அதற்கப்புறம் எழுதிய நான்கில் ஒன்று வேறு கழியும். வந்து எழுதிச் சொதப்பியவருக்கு நான்கு எண்ணப்படும், வராதவருக்கு மூன்று. வகுப்பில் இதை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் மாணவர்கள்தான்.

10. போனஸ் மார்க் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நேச்சுரல் முறையில் அந்த ஐட்டத்துக்கு ‘எக்ஸ்ட்ரா கிரெடிட்’ டிக் செய்தால், வாங்கியது கூடும், உச்சவரம்பு கூடாது. மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிடும், நிர்வாகி அனுமதித்திருந்தால் ஒழிய.

11. ரூப்ரிக், மார்க்கிங் கைடு ரெண்டுல எது நல்லது?

ரூப்ரிக் ஒரு கட்டத் தாள். ஒவ்வொரு அளவுகோலுக்கும் ‘சுமார்’, ‘பரவாயில்லை’, ‘நன்று’ என்று படிகள், படிக்கு இத்தனை மார்க் என்று முன்பே முடிவானது. நீங்கள் கட்டத்தைச் சொடுக்கினால் போதும். மார்க்கிங் கைடில் அளவுகோல் மட்டும் முன்பே இருக்கும், பத்துக்கு ஏழா ஏழரையா என்பது உங்கள் கையில். அடிக்கடி எழுதும் குறிப்புகளைச் சேமித்துவைத்து ஒரே சொடுக்கில் ஒட்டும் வசதியும் அதில் உண்டு. ‘மேற்கோளுக்கு ஆதாரம் தரவில்லை’ என்பதை நாற்பது தடவை தட்டாமல் இருப்பதற்காகவே நான் கைடை விரும்புகிறேன். பல பேர் பிரித்துத் திருத்தும்போது மட்டும் ரூப்ரிக். ஆளுக்கு ஆள் கை மாறுவது குறையும்.

12. ரூப்ரிக்ல கூட்டினா 16-க்கு 10 வருது. சிஸ்டம் 50 சதவீதம்னு சொல்லுது. 62.5 இல்லையா வரணும்?

உங்கள் கடைசிப் படிக்கு எத்தனை மார்க் கொடுத்தீர்கள்? 1 என்றால் அதுதான் காரணம். நான்கு அளவுகோல், ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 என்றால், யாரும் 4-க்குக் கீழே போகவே முடியாது. அந்த 4-ஐத் தரைமட்டமாக எடுத்துக்கொண்டு 4-லிருந்து 16 வரையிலான பன்னிரண்டில் நீங்கள் ஆறு ஏறியிருக்கிறீர்கள் என்று மூடுல் கணக்குப் போட்டிருக்கிறது. அதாவது பாதி.

ரூப்ரிக் எடிட் பக்கத்தின் அடியில் குறைந்தபட்ச மார்க்கை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு தேர்வு உண்டு, அதை மாற்றினால் 62.5 வரும். எளிய வழி, ஒவ்வொரு அளவுகோலிலும் 0 மார்க் படி ஒன்றை வைத்துவிடுவது. தரை சைபராகிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

13. நான் பாதிப் பேருக்குத்தான் திருத்தியிருக்கேன். அதுக்குள்ள மார்க் தெரிஞ்சு எல்லாரும் மெசேஜ் போடறாங்க. மொத்தமா ஒரே நாள்ல விட முடியாதா?

முடியும். அசைன்மென்ட் செட்டிங்கில் ‘மார்க்கிங் வொர்க்ஃப்ளோ’வை ‘யெஸ்’ ஆக்குங்கள். அதற்கப்புறம் எத்தனை பேருக்குத் திருத்தினாலும் அவரவர் நிலை ‘ரிலீஸ்ட்’ என்று ஆகும்வரை மார்க் வெளியே போகாது, கிரேடுபுக்குக்கும் போகாது. எல்லாரையும் முடித்ததும் பட்டியலில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் ‘ரிலீஸ்ட்’ ஆக்கலாம். திருத்தும் பக்கத்தின் அடியில் உள்ள ‘நோட்டிஃபை ஸ்டூடன்ட்’ டிக்கையும் ஒரு பார்வை பாருங்கள். அது இருந்தால் மார்க் வந்தது பற்றி மாணவருக்குத் தகவல் போகும்.

குவிஸுக்கு இது செல்லாது. அங்கே ‘ரிவ்யூ ஆப்ஷன்ஸ்’ என்று ஒரு டிக் காடு இருக்கிறது. எழுதிய உடனே, மூடிய பிறகு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எது தெரியலாம் என்று தனித்தனியே. ‘மார்க்ஸ்’, ‘ரைட் ஆன்சர்’ இரண்டையும் குவிஸ் மூடிய பிறகு மட்டும் விடுங்கள். சரியான விடையை உடனே காட்டினால் முதலில் எழுதியவர் பின்னால் எழுதுகிறவருக்கு ஆசிரியராகிவிடுவார்.

14. லேட்டா கொடுத்தவங்களுக்கு மார்க் கழிக்குமா?

‘டியூ டேட்’ தாண்டினால் எத்தனை நாள் தாமதம் என்று காட்டும், ஆனால் வாங்கிக்கொள்ளும். ‘கட் ஆஃப் டேட்’ தாண்டினால் வாங்காது. தானாகக் கழிப்பது அண்மைப் பதிப்புகளில்தான் வந்தது, நிர்வாகி அதைத் திறந்துவிட்டிருக்கவும் வேண்டும். மற்றபடி கையால்தான்.

15. அறுபது பேரை ஒவ்வொருத்தரா திறக்கிறதுக்குள்ள கண்ணு போயிடுது. எக்செல்ல போட்டு ஏத்த முடியுமா?

முடியும். அசைன்மென்ட்டின் ஃபீட்பேக் வகைகளில் ‘ஆஃப்லைன் கிரேடிங் வொர்க்‌ஷீட்’டை டிக் செய்துவிட்டு, அந்தத் தாளை இறக்கி, மார்க் எழுதித் திரும்ப ஏற்றலாம். இது அசைன்மென்ட் வழியாகவே போவதால் ஓவர்ரைடு தொல்லை கிடையாது. நீங்கள் இறக்கிய பிறகு வேறொருவர் ஆன்லைனில் மார்க்கை மாற்றியிருந்தால், நீங்கள் தனியாக அனுமதி டிக் செய்யாத வரை அதன் மேல் எழுதாது. நல்ல காவல் அது.

மூன்று விஷயங்களில் கை சுட்டுக்கொண்டவன் நான். ஒன்று, முதல் நெடுவரிசையில் இருக்கும் அடையாள எண். மூடுல் பெயரைப் பார்ப்பதே இல்லை, அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. ஒருமுறை பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்திவிட்டேன். பெயர்கள் நகர்ந்தன, எண்கள் அங்கேயே நின்றன. பெயரைப் பார்த்து மார்க் எழுதி ஏற்றினேன். வகுப்பின் முதல் மாணவிக்கு 9 மார்க். அவளே வந்து ‘சார், இது என்னோடது இல்லை’ என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. இரண்டு, 0412 என்ற பதிவு எண்ணை எக்செல் 412 ஆக்கிவிடும். இந்தத் தாளில் பாதிக்காது, அடுத்த கேள்வியில் சொல்லும் முறையில் பாதிக்கும். மூன்று, தமிழில் குறிப்பு எழுதினால் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மாணவருக்குப் போய்ச் சேர்வது வெறும் கேள்விக்குறிகள்.

16. நேரா கிரேடுபுக்லயே ‘இம்போர்ட்’னு ஒண்ணு இருக்கே, அதுல ஏத்தினா என்ன?

காகிதத் தேர்வுக்காக நீங்களே உருவாக்கிய தனி நெடுவரிசைக்கு (கேள்வி 3) அது அருமையான வழி. அசைன்மென்ட், குவிஸ் நெடுவரிசைகளுக்கு ஏற்றினால் வகுப்பு முழுக்க ஓவர்ரைடு ஆகிவிடும், மீதியைக் கேள்வி 4 சொல்லும். ஏற்றும்போது மாணவரை எதை வைத்து அடையாளம் காண்பது என்று கேட்கும். பதிவு எண்ணைவிட மின்னஞ்சல் முகவரி பாதுகாப்பு, எக்செல் அதைத் ‘திருத்தாது’.

17. குவிஸ்ல ஒரு கேள்விக்கு நானே தப்பான விடையைச் சரின்னு குறிச்சுட்டேன். எல்லாரும் எழுதி முடிச்சாச்சு.

எல்லாருக்கும் நடப்பதுதான். கேள்வியைத் திறந்து சரியான விடையைக் குறித்து, பிறகு குவிஸின் ரிசல்ட்ஸ் பக்கத்தில் ‘ரீகிரேடு’ கொடுங்கள். முதலில் ‘டிரை ரன்’ ஓட்டிப் பார்த்தால், எதையும் மாற்றாமல் யார் யாருக்கு மார்க் மாறும் என்று மட்டும் காட்டும். 4.0-க்குப் பிந்தைய பதிப்புகளில் கேள்விகளுக்கே பதிப்பு எண் உண்டு. குவிஸ் பழைய பதிப்பில் நிலைநிறுத்தப்பட்டிருந்தால் திருத்தம் அதற்குப் போகாது, அதையும் பாருங்கள்.

கேள்வியே தப்பு, எந்த விடையும் சரியில்லை என்றால்? மாணவர்கள் எழுதத் தொடங்கிய பிறகு கேள்வியை நீக்க விடாது, ஆனால் அதன் மார்க்கை 0 ஆக்க விடும். இருபது கேள்வி, இருபது மார்க் குவிஸில் ஒன்றைச் சைபராக்கினால் மீதி பத்தொன்பதை இருபதுக்கு விரித்துக்கொள்ளும். பதினைந்து சரி என்றால் 15.79. இந்தப் பின்னம் பிடிக்காதவர்கள் எல்லா விடைகளையும் நூறு சதவீதம் சரி என்று குறித்து ரீகிரேடு செய்கிறார்கள். அதில் அந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டவருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. கேள்வி தப்பென்று உணர்ந்து விட்டவர் அவராகத்தான் இருப்பார். நான் சைபராக்கும் கட்சி.

18. ஒரு வார்த்தை விடை. ‘ஔவையார்’னு சரியாத்தான் அடிச்சிருக்கா. ஆனா தப்புன்னு போட்டிருக்கு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே?

கண்ணுக்குத் தெரியாது. ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. விசைப்பலகையில் அது எங்கே என்று தெரியாதவர்கள் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து அடிப்பார்கள். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கணினிக்கு ‘ஔவையார்’ வேறு, ‘ஒளவையார்’ வேறு, ‘அவ்வையார்’ மூன்றாவது ஆள்.

குறுவிடைக் கேள்வியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை நூறு சதவீதம் என்று கொடுக்கலாம். மூன்றையும் சேர்த்துவிட்டு ரீகிரேடு செய்யுங்கள். பின்னொட்டு வேறுபடும் என்று தோன்றினால் ஒரு நட்சத்திரக் குறி போடலாம், அது எந்த எழுத்துக்கும் இடம் கொடுக்கும். தமிழில் குறுவிடைக் கேள்வி வைத்தால், மூடுல் தப்பென்று ஒதுக்கியவற்றை நானே ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது வழக்கம்.

19. குவிஸ் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. இன்னும் ‘நாட் யெட் கிரேடட்’னே இருக்கு.

உள்ளே கட்டுரைக் கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மூடுல் திருத்தாது. ‘மேனுவல் கிரேடிங்’ பக்கத்தில் காத்திருக்கும்.

20. திருத்தினதுக்கு அப்புறம் 50-ஐ 100 ஆக்கினேன். ஏதோ ‘ரீஸ்கேல்’ பண்ணவான்னு கேக்குது.

நின்று யோசித்துப் பதில் சொல்லுங்கள். 50-க்கு 40 வாங்கியவருக்கு, ‘யெஸ்’ என்றால் 100-க்கு 80. ‘நோ’ என்றால் 100-க்கு 40. தாளை நூறுக்குத்தான் திருத்தினீர்கள், உச்ச மார்க்கை மட்டும் தவறாக 50 என்று வைத்திருந்தீர்கள் என்றால் ‘நோ’. மற்றபடி ‘யெஸ்’.

21. குழு அசைன்மென்ட். ஒருத்தன் ஒண்ணுமே செய்யலை. அவனுக்கு மட்டும் குறைக்கலாமா?

திருத்தும் பக்கத்தில் மார்க்கைக் குழு முழுவதற்கும் போடவா என்று ஒரு கேள்வி இருக்கும். முதலில் ‘யெஸ்’ வைத்து எல்லாருக்கும் போட்டுவிட்டு, பிறகு அவரை மட்டும் திறந்து ‘நோ’ ஆக்கிவிட்டு மாற்றுங்கள். ‘நோ’ ஆக்க மறந்தால் குழுவே குறைந்துவிடும்.

22. எனக்கு அவளோட மொத்தம் 71னு தெரியுது. அவ திரையில 78ன்னு இருக்கு. யார் பார்க்கிறது சரி?

நீங்கள் ஏதோ ஒன்றைக் கண் குறி போட்டு மறைத்திருக்கிறீர்கள். மறைத்தது சேர்ந்த மொத்தம் உங்களுக்கு, சேராத மொத்தம் அவருக்கு. கோர்ஸ் கிரேடு செட்டிங்கில் யூசர் ரிப்போர்ட் பகுதியில் இதற்கு மூன்று தேர்வுகள்: மறைத்தது இருந்தால் மொத்தத்தையே காட்டாதே, மறைத்ததை விட்டுவிட்டுக் காட்டு, சேர்த்தே காட்டு. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் கழித்துப் பார்த்து மறைத்த மார்க்கைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மறைத்ததற்கே அர்த்தமில்லை. முதலாவதுதான் உத்தமம்.

23. 90.00 சதவீதம்னு காட்டுது. கிரேடு மட்டும் பி பிளஸ். 90-லேருந்து ஏ மைனஸ் இல்லையா?

திரையில் இரண்டு தசமம்தான் தெரிகிறது. உள்ளே அது 89.996 ஆக இருக்கலாம். காட்டும்போது 90.00 என்று முழுமைப்படுத்துகிறது, எழுத்துக்கு மாற்றும்போது உள்ளே இருப்பதைப் பார்க்கிறது. உங்கள் விதிப்படி அரைக்கு மேல் இருந்தால் முழு மார்க் என்றால், ‘லெட்டர்ஸ்’ பக்கத்தில் எல்லையையே 89.5 என்று வைத்துவிடுங்கள். ஒவ்வொருவராகத் தேடி ஓவர்ரைடு செய்யாதீர்கள்.

24. போன வாரம் 17 இருந்துச்சு, இப்போ 11னு இருக்குன்னு சொல்றான். யாரு மாத்தினாங்கன்னு பார்க்க முடியுமா?

‘கிரேடு ஹிஸ்டரி’ என்ற ரிப்போர்ட் இருக்கிறது. எந்தத் தேதியில், யார், எத்தனையை எத்தனையாக மாற்றினார்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். நான் பார்த்த வரையில் மாற்றியது பெரும்பாலும் புகார் கேட்டுத் திகைத்து நிற்கும் ஆசிரியரேதான்: குவிஸில் ‘கடைசி முயற்சி’ என்ற முறையை வைத்துவிட்டு, மறுபடி எழுத அனுமதித்திருப்பார். ‘உயர்ந்த மார்க்’ என்று மாற்றினால் 17 திரும்பி வரும்.

25. மார்க் எல்லாம் அனுப்பி, லாக்கும் பண்ணிட்டேன். ஒருத்தர் மட்டும் மறுமதிப்பீடு கேக்கிறார். திறந்தா மத்தவங்களோடதும் மாறிடுமா?

மாறலாம், அந்த பயம் நியாயமானதுதான். பூட்டியிருக்கும் காலத்தில் அசைன்மென்ட்டுக்குள் யாராவது எதையாவது திருத்தியிருந்தால் அது வெளியே காத்து நிற்கும், பூட்டைத் திறந்ததும் உள்ளே வரும்.

அதனால் திறப்பதற்கு முன்னால் கிரேடுபுக்கை எக்செல்லாக இறக்கிக்கொள்ளுங்கள். பூட்டைத் திறந்து, அசைன்மென்ட்டுக்குள் அந்த ஒருவருடைய தாளை மட்டும் திருத்துங்கள் (கேள்வி 3). மறுபடி எக்செல் இறக்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு வரிசையில்தான் எண் மாறியிருக்க வேண்டும். இன்னொரு வரிசையும் மாறியிருந்தால் உடனே பூட்டாதீர்கள், கேள்வி 24-இல் சொன்ன ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். மாறவில்லை என்றால் பூட்டிவிட்டு, இரண்டு எக்செல் கோப்புகளையும் தேதி போட்டு எடுத்துவையுங்கள்.